மொட்டைமாடிக் கஃபேக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஊரின் சுவையை மாவிலேயே கலந்துவிடுங்கள்

எந்த ஊருக்குப் போனாலும் அங்கே மொட்டைமாடியில் கஃபே இருக்கிறதா என்று விசாரித்துவிடுவேன். நாலைந்து மேசைகள், கைப்பிடிச் சுவரோரம் தொட்டிச் செடிகள், பாதியாகத் தேய்ந்து மேலே வரும் தெருவின் இரைச்சல். ஓர் ஊரை நிதானமாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் எண்ணம். அங்கே உட்காரவைத்து, எங்கும் ஒரேபோலக் கிடைக்கும் சாக்லேட் கேக்கைக் கொண்டுவந்து வைக்கும்போது மனம் வாடிப்போகிறது. அதைவிட வருத்தம், வழக்கமான வெனிலா கேக்கில் இரண்டு சொட்டு எசன்ஸும் கொஞ்சம் நிறமும் விட்டு, அதற்கு உள்ளூர்ப் பெயர் சூட்டி விற்பது.

உள்ளூர்ச் சுவை என்பது மேலே தூவுகிற சமாச்சாரம் இல்லை. பாண்டான் சிஃபான் கேக்கைப் பாருங்கள். சிஃபான் கேக்கின் பிறப்பிடம் அமெரிக்கா. 1927-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஹாரி பேக்கர் என்பவர் அதை உருவாக்கினார். செய்முறையை வெகுகாலம் ரகசியமாகவே வைத்திருந்தார். பிறகு ஜெனரல் மில்ஸ் நிறுவனம் அதை வாங்கி, 1948-இல் ஊரறியச் செய்தது. வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் சேர்த்து, நுரைக்க அடித்த முட்டை வெள்ளைக்கருவால் உப்பவைக்கிற கேக் அது. சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா பக்கம் வந்தபோது அதில் தேங்காய்ப்பாலும் பாண்டான் இலைச்சாறும் சேர்ந்தன. பாஸ்மதி அரிசிக்கு மணம் தருகிற அதே வேதிப்பொருள்தான் பாண்டான் இலையிலும் இருக்கிறது. சோறு உண்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேக் முதல் வாயிலேயே சொந்தமாகிவிடுவதற்கு இது ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். அமெரிக்கச் செய்முறை முழுவதுமாக இன்னொரு மண்ணுடையதாகிவிட்டது. நான் கேட்பது இந்த அளவு உழைப்பை.

ஜப்பானின் நாகசாகியில் காஸ்டெல்லா இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த வகை. வெண்ணெயே சேராமல் முட்டை, சர்க்கரை, மாவோடு ஜப்பானின் மிசுஅமே பாகையும் சேர்த்துச் செய்கிறார்கள். அந்தப் பாகு கேக்கை உலரவிடாமல் ஈரமாக வைத்திருக்கிறது. போர்ச்சுகலின் மதீராத் தீவில் கரும்புப் பாகும் மசாலாப் பொருட்களும் சேர்த்துக் கறுப்பாகச் சுடும் கேக் உண்டு. ஒரு காலத்தில் கரும்பை நம்பி வாழ்ந்த தீவு அது. அந்தக் கேக் மாதக்கணக்கில் கெடாது. கத்தி வைக்காமல் கையால் பிட்டுச் சாப்பிடுவதுதான் மரபு.

இந்த மூன்றுக்கும் மேலே கிரீம் தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். மொட்டைமாடிக்கு இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்? வெயிலில் வெண்ணெய் கிரீம் இளகி வழிகிறது. அதற்குப் பயந்து குளிர்பெட்டியில் வைத்தால் வெண்ணெய் கேக் கட்டியாக இறுகி, மணமே மேலெழுவதில்லை. எண்ணெயிலும் பாகிலும் செய்தவை சாதாரண வெப்பத்திலேயே மெத்தென்று இருக்கும்.

தேநீர் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. கேக்குக்கு அவ்வளவு மெனக்கெடுகிறவர்கள்கூட, ஆறிப்போன நீரில் ஒரு தேயிலைப் பையைப் போட்டு நீட்டுகிறார்கள். கறுப்புத் தேயிலைக்கு அப்போதுதான் கொதித்த நீர் வேண்டும். பச்சைத் தேயிலைக்கு 70 முதல் 80 டிகிரி செல்சியஸ் போதும். அதற்கு மேல் சூடேறினால் கசப்பு தூக்கலாகிவிடும். தேநீரைச் சுவைத்து ஒப்பிடுவதற்கு ஐ.எஸ்.ஓ 3103 என்று ஒரு சர்வதேச அளவுகோலே இருக்கிறது: 100 மில்லி நீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். குடிப்பதற்கு அது சற்றுக் கடுமை, பால் சேர்க்காவிட்டால் மூன்று நான்கு நிமிடமே நன்றாக இருக்கும். மலையூர்க் கஃபேக்கள் மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் ஊறவிடலாம். 2,000 மீட்டர் உயரத்தில் நீர் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

மாடியில் காற்று ஓயாது. அகன்ற கோப்பையில் ஊற்றிக் கொடுத்தால் இரண்டு வாய்க்குள் ஆறிவிடும். மூடியுள்ள கெட்டிலும், வெந்நீரில் கழுவிச் சூடாக்கிய சிறிய கோப்பையும் தந்தால் போதும், கடைசி வாய் வரை இதமாக இருக்கும். கேக்கில் இனிப்பு இருப்பதால் தேநீருக்குச் சர்க்கரை வேண்டாம். காஸ்டெல்லாவுக்குப் பச்சைத் தேநீர், பாண்டானுக்கு ஊலாங், கரும்புப் பாகு கேக்குக்கு நல்ல திடமான அஸ்ஸாம். இது என் நாக்கின் தீர்ப்பு. மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், ஆசையாகப் படிப்பேன்.

கஃபே நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், பதினைந்து வகை கேக் வைக்க வேண்டியதில்லை. அன்று காலை சுட்ட ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும். அதில் சேர்ந்த இலை எது, பாகு எது, எங்கிருந்து வந்தது என்று பட்டியலில் ஒரு வரி எழுதுங்கள். கேக்கை முன்கூட்டியே துண்டு போட்டு வைக்காமல் கேட்ட பிறகே வெட்டுங்கள். மாடிக் காற்று வெட்டிய பக்கத்தைச் சீக்கிரமே உலர்த்திவிடுகிறது.