கண்ணாடி வழிவதில்லை

கீழக்கரையில் உள்ள எங்கள் பாட்டனார் வீட்டு மாடிச் சன்னலைச் சென்ற மாதம் பழுது பார்க்கக் கழற்றியபோது, அதிலிருந்த நான்கு பழைய கண்ணாடிகளையும் திருகு அளவி கொண்டு ஓரம் ஓரமாக அளந்தேன். கண்ணாடி உண்மையில் நீர்மம், அது மெல்ல மெல்லக் கீழே வழிகிறது, ஆகவேதான் ஐரோப்பியத் தேவாலயங்கள் போன்ற பழைய கட்டடங்களின் சன்னல் கண்ணாடிகள் அடியில் தடித்திருக்கின்றன என்று பள்ளியில் படித்ததைப் பல ஆண்டுகள் நானும் பிறருக்குச் சொல்லி வந்தேன். அளந்ததில் இரண்டு கண்ணாடிகள் அடியில் தடித்திருந்தன. ஒன்று மேலே தடித்திருந்தது, மற்றொன்று பக்கவாட்டில். வழிந்திருந்தால் மேல்நோக்கியா வழிந்திருக்கும்?

பக்கத்தில் நின்ற ஆசாரி, "கனத்த ஓரம் கீழே இருந்தாத்தான் தம்பி சட்டத்துல நல்லா உக்காரும்" என்றார். ஐரோப்பியத் தேவாலயங்களைப் பற்றிய கதைக்கும் விடை ஏறத்தாழ அதுதான். அக்காலத்தில் கண்ணாடியை ஊதி, சுழற்றித் தட்டாக்கி, பிறகு வெட்டினார்கள். தடிமன் சீராக வராது. உருகிய தகரத்தின்மேல் மிதக்கவிட்டுச் சீரான தகடு எடுக்கும், பிரிட்டனின் பில்கிங்டன் நிறுவனத்து முறை 1959இல்தான் அறிவிக்கப்பட்டது.

குழப்பத்தின் வேர் எனக்குப் புரிகிறது. உப்பளத்து உப்பைப் போல் கண்ணாடியில் அணுக்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருப்பதில்லை; நீர்மத்தில் உள்ளதுபோல் ஒழுங்கின்றியே உறைந்து நிற்கின்றன. சூடாக்கினால் குறிப்பிட்ட ஒரு வெப்பநிலையில் சட்டென உருகாமல், சாதாரண சன்னல் கண்ணாடி சுமார் 550 டிகிரி செல்சியசைத் தாண்டியபின் படிப்படியாக இளகுகிறது. ஆனால் ஒழுங்கின்மை வேறு, ஓட்டம் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக்கியதுதான் பிழை.

திண்மம் போலத் தோன்றி ஓடும் பொருளைப் பார்க்க விரும்புவோர், படகுக்குப் பூசும் தாரைப் பார்க்கலாம். மார்கழி விடியலில் சுத்தியலால் அடித்தால் சில்லாகத் தெறிக்கும் அதே கட்டி, சித்திரை வெயிலில் பலகைமேல் கிடந்தால் மாலைக்குள் பரந்து தட்டையாகிவிடும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 1927இல் தொடங்கிய சோதனையில், புனலில் இட்ட, தாரைப் போன்ற கீலிலிருந்து 2014 வரை ஒன்பது சொட்டுகள் விழுந்தன. கண்ணாடியின் கணக்கு இதற்கு எட்டாத தொலைவில் உள்ளது. லண்டனில் உள்ள வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் இடைக்காலக் கண்ணாடிக் கலவையை வைத்து 2017இல் வெளியான ஆய்வின்படி, அறை வெப்பநிலையில் அது 100 கோடி ஆண்டுகளில் நகரக்கூடிய தொலைவு அதிகபட்சம் ஒரு நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

கண்ணாடி சமநிலை அடையாத பொருள், அது இடைவிடாமல் மிக மெல்ல நீர்ம நிலையை நோக்கித் தளர்கிறது என்று சில அறிவியலாளர்கள் வரையறுப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நுட்பமான வரையறையைச் சன்னலின் கதைக்குச் சான்றாக்கிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது தவறு. வைகை முகத்துவாரத்தை அடுத்த அழகன்குளத்தில், ரோமானிய வணிகம் நடந்த பழைய துறைமுகத்தை அகழ்ந்தபோது கண்ணாடி மணிகளும் கிடைத்தன. அத்தனை நூற்றாண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்தும், நூல் கோப்பதற்கென விட்ட மெல்லிய துளை தூர்ந்துவிடவில்லை.