எங்க அம்மா கைக்கு ஒரு கையுறை இல்லையா?

அந்த போட்டோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கிற பெண்களை வரிசையா நிக்க வச்சு லைஃப் ஜாக்கெட்டும் கையுறையும் கொடுத்த போட்டோ. "அக்காங்க சாக்குக்குள்ள நிக்கிறாங்க"ன்னு ஒரு கமெண்ட், அதுக்குக் கீழ அத்தனை சிரிப்பு. அதுல மூணாவதா நிக்கிறது எங்க சித்தி. எனக்குச் சிரிப்பு வரல.

சாக்கு மாதிரி ஏன் இருக்கு? ஆம்பள உடம்புக்குத் தச்சதை இவங்களுக்கு மாட்டிவிட்டா அப்படித்தான் இருக்கும். வாரை முழுசா இழுத்தும் சித்தி தோள்ல நிக்கல. வள்ளத்துல இருந்து தவறி விழுந்தா அது மேல ஏறித் தாடையைத்தான் முட்டும். உயிரைக் காப்பாத்துற சாமான், போடுறவங்க அளவுக்கு இருக்க வேணாமா?

கையுறை இன்னும் மோசம். மரிக்கொழுந்துப் பாசி பாறை இடுக்குல ஒட்டிக்கிட்டிருக்கும். மூச்சை அடக்கி உள்ள போய், விரலை விட்டுத் தடவித்தான் பிய்க்கணும். விரல் நுனியில ரப்பர் காலியாத் தொங்கினா எப்படிப் பிய்க்கிறது? அதனாலதான் எங்க அம்மா இன்னைக்கும் பழந்துணியைக் கிழிச்சு விரல் விரலாச் சுத்திக்கிறாங்க. சேலை மேல அப்பாவோட முழுக்கைச் சட்டை, சொறிமீன் (ஜெல்லி மீன்) உடம்புல பட்டுடக் கூடாதுன்னு. சின்ன வயசுல அம்மா எங்களுக்குச் சோறு பிசைஞ்சு ஊட்டினதே இல்ல. வெட்டுப்பட்ட விரல்ல குழம்பு பட்டா எரியும், கரண்டியிலதான் போடுவாங்க. பாசம் இல்லைன்னு நெனச்சு நான் அழுதிருக்கேன்.

"காலங்காலமா சேலையிலதானே போறாங்க"ன்னு கேப்பீங்க. வேற உடை யாரும் கொடுக்கல, போறாங்க. தென்கொரியாவுல ஜெஜு தீவுப் பெண்களும் பருத்தித் துணியோடதான் முக்குளிச்சாங்க. 1970கள்ல ரப்பர் உடை வந்தது, இப்ப அதுக்கு அரசே உதவுது. 2016-ல யுனெஸ்கோ அவங்க தொழிலைப் பாரம்பரியம்னு அறிவிச்சது.

"ஆம்பளைகளுக்கே ஒழுங்காக் கிடைக்கல"ன்னா, அது உண்மைதான், அவங்களுக்கும் சேர்த்துக் கேளுங்க. ஆனா அவங்களுக்கு வர்றது அவங்க அளவுலயாவது வருது.

"நல்ல உடை கொடுத்தா பாசியை அழிச்சிடுவாங்க"ங்கிறதைத்தான் என்னால தாங்க முடியல. இங்க மன்னார் வளைகுடாவுல இருக்கிற 21 தீவுகளையும் 1986-ல தேசியப் பூங்கா ஆக்கினதுல இருந்து இவங்களைக் குத்தவாளி மாதிரியே பார்க்கிறாங்க. மாசத்துல 12 நாள் எடுத்தாப் போதும்னு தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கிட்டது இந்தப் பெண்கள்தான். பாசி வளர எங்க அம்மா விரல் அறுபடணுமா?

எங்க ராமநாதபுரம் மாவட்டத்துல 127 கோடி ரூபாய்க்குக் கடல்பாசிப் பூங்கா வருது, சந்தோஷம். பாசி வளர்க்கிறதுக்குப் பெண்கள் வேணும், பேச்சுல பெண்கள் முன்னேற்றம் வேணும். கடலுக்குள்ள இறங்குறவளை மட்டும் மீனவரோட பொண்டாட்டின்னுதான் பார்ப்பீங்க. அவளும் மீனவர்தாங்க. அப்படி நெனச்சிருந்தா ஆர்டர் போடுறப்பவே அவ அளவைக் கேட்டிருப்பீங்க.

கொடுத்தவங்க நல்ல மனசோடதான் கொடுத்திருப்பாங்க, மறுக்கல. அடுத்த தடவை வாங்குறதுக்கு முன்னாடி ஊருக்கு வந்து இவங்க கையையும் தோளையும் அளவெடுங்க. பாசிக்குப் போகாத நாள்ல வாங்க, வீட்லதான் இருப்பாங்க. அந்த போட்டோவைப் பகிர்ந்தவங்க தயவுசெஞ்சு அழிச்சிடுங்க. சித்தி பார்த்துட்டாங்க.