எந்த பீஸுங்க சார்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். தப்பைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். தையல் விட்டுப்போயிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்து, திருத்தித் தைக்க வேண்டிய ஆல்டர் பீஸைக் கையில் எடுத்துக்கொண்டு தைத்தவர் முன்னால் போய் நிற்பேன்.

போன ஆடியில் ஒரு நாள் கையில் எதுவும் இல்லாமல் சும்மா அந்தப் பக்கம் நடந்தேன். கழுத்து ரிப் (கழுத்தைச் சுற்றி வரும் பட்டி) வைக்கிற அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தே விட்டார். "எந்த பீஸுங்க சார்?" முகம் சுண்டிப்போயிருந்தது. ஒன்றுமில்லை என்றேன், நம்பவில்லை. எப்படி நம்புவார்? இத்தனை வருஷத்தில் தப்பு இல்லாமல் நான் அவர் பக்கம் போனதே இல்லை.

யாரை எங்கே புகழ வேண்டும் என்று ஔவையார் பேரில் ஒரு தனிப்பாடல் உண்டு. நண்பனை அவன் இல்லாத இடத்தில், ஆசானை எங்கேயும், பிள்ளைகளை மனசுக்குள், வேலையாளை வேலை முடிந்தபின். (மனைவிக்கும் ஓர் இடம் சொல்லியிருக்கிறது, தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.) ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற ஊரில் வேலை எப்போது முடிகிறது பாட்டி? பிள்ளைகளை மனசுக்குள் என்பதும் எனக்கு ஒப்பவில்லை. தலைக்கனம் வந்துவிடும், கண் பட்டுவிடும் என்று வாயை மூடியே வளர்த்த வீடுதான் எங்களுடையதும்.

அதற்காக, பார்க்காமலே 'சூப்பர்' சொல்வதும் வாட்ஸப்பில் கட்டைவிரல் தூக்குவதும் கணக்கில் சேராது. கணித மேதை ராமானுஜன் என்றதும் எல்லோரும், அவரை இங்கிலாந்துக்கு அழைத்த ஹார்டியைச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தவர் நாராயண ஐயர். 1912-இல் மெட்ராஸ் போர்ட் டிரஸ்டில் மாசம் 30 ரூபாய்க்கு ராமானுஜன் கிளார்க்காகச் சேர்ந்தபோது அங்கே மேலதிகாரி. ராத்திரியில் ரெண்டு பேரும் ஆளுக்கொரு சிலேட்டோடு உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். ராமானுஜன் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குத் தாவிவிடுவார். என் மட்டத்துக்கு இறங்கி வா, நடுவில் பத்து வரியாவது எழுது என்பாராம் ஐயர். ஒவ்வொரு வரியையும் உட்கார்ந்து படிக்கிற ஆள்தான் அப்படிக் கேட்பார். வெறும் 'பிரமாதம்' சொல்ல சிலேட்டு எதற்கு?

அப்புறம் நானும் ஒன்று ஆரம்பித்தேன். ஆல்டர் பீஸ்களோடு தினமும் ஒரு நல்ல பீஸையும் எடுப்பேன். தைத்தவரிடம் போய், எது நன்றாக வந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டுவேன். தோள் தையல் ரெண்டும் ஒரே அளவாக நிற்கிறது, அவ்வளவுதான். முதல் வாரம் எல்லோருக்கும் சந்தேகம். "டார்கெட்டை ஏத்தப் போறீங்களா சார்?" என்று ஒரு தம்பி கேட்டே விட்டான். கழுத்து ரிப் அக்கா மட்டும் பீஸை வாங்கி, தன் தையலை வெளிச்சத்தில் ரெண்டு தரம் பார்த்துவிட்டுத் தந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று ஷிப்மென்ட். யாரிடமும் நல்லதாக ஒரு வார்த்தை பேசவில்லை, ரெண்டு பேரைத் திட்டவும் செய்தேன். இன்றைக்கு ரெண்டு பீஸ் எடுத்து வைத்திருக்கிறேன்.