"மறந்துட்டேன்" வரியை யாரும் வெட்ட வேண்டாம்

சனிக்கிழமை காலையில் மகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, மழைமரத்தடியில் காரை நிறுத்தி வாட்சாப் பார்ப்பேன். மகள் அங்கே துனாஸ் புத்ரியில், அதாவது மலேசியப் பெண் சாரணர் இயக்கத்தின் சின்னப் பிள்ளைகள் பிரிவில், இருக்கிறாள். அதில் எனது 'பெற்றோர் ஈடுபாடு' இவ்வளவுதான். போன வாரம் அந்த நிழலை வேறொருவர் பிடித்துவிட்டார். பினாங்கு வெயில் தெரியுமே, மண்டபத்துப் படியில் போய் உட்கார்ந்தேன்.

உள்ளே ஒருத்தி ஒரு வரி பாட, மற்றவர்கள் அதை அப்படியே திருப்பிப் பாடிக்கொண்டிருந்தார்கள். வரப்போகும் நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளே கட்டிய பாட்டு. தண்ணீர்மலைப் பூங்காவுக்குப் போகிறார்கள், குரங்கு வருகிறது, பையைப் பறிக்கிறது, பைக்குள்ளே நாசி லெமாக். முன்னால் நின்று பாடியது முன்பல் விழுந்த மூன்றாம் ஆண்டுப் பிள்ளை. நாலாவது வரியில் அப்படியே நின்றுவிட்டாள்.

"அய்யோ, மறந்துட்டேன்!"

இருபது பேரும் ராகம் போட்டு, "அய்யோ, மறந்துட்டேன்!"

"விளையாடாதீங்கலா!"

"விளையாடாதீங்கலா!"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இருபது பேரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். டீச்சர் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். அடுத்த முறை பாடும்போது "மறந்துட்டேன்" என்பதே நாலாவது வரி ஆகிவிட்டது. பழைய நாலாவது வரி என்னவென்று இப்போது யாருக்கும் ஞாபகமில்லை.

வீடியோ எடுத்துப் பெற்றோர் குழுவில் போட்டேன். வினை அங்கேதான் ஆரம்பம். "ரொம்ப க்யூட், ஆனா நிகழ்ச்சியன்று அந்த மறந்துட்டேன் வேண்டாமே, தப்பா பாடுற மாதிரி இருக்கு" என்றார் ஒருவர். கரோக்கி டிராக் போடலாம் என்றார் இன்னொருவர். அப்புறம் சினிமாப் பாட்டு வந்தது, அதற்கு ஆட்டம் வந்தது, ஆட்டத்துக்கு ஆளுக்கு 60 ரிங்கிட்டில் உடை வந்தது. இரவு பதினொரு மணிக்குள் பிள்ளைகளின் பாட்டைக் காணோம். உடையின் படத்துக்கு நானும் கட்டைவிரல் போட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல பச்சை நிறம்.

பெற்றோரின் பதற்றம் புரியாமல் இல்லை. பல்கலைக்கழக நுழைவுக்குப் புறப்பாடப் புள்ளி, அதாவது இயக்கம், விளையாட்டு போன்றவற்றுக்கான மதிப்பெண், 10 விழுக்காடு என்று கேட்டுக் கேட்டு, எந்த நிகழ்ச்சியைப் பார்த்தாலும் நமக்குச் சான்றிதழாகவே தெரிகிறது. மூன்றாம் ஆண்டுப் பிள்ளைக்கு அதற்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது!

இந்தப் பெண் சாரணர் இயக்கமே பெரியவர்கள் திட்டம் போட்டுத் தொடங்கியதல்ல. 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் ஆண் சாரணர்கள் கூடியபோது, அழைக்காமலே வந்து நின்றார்கள் சில பெண்பிள்ளைகள். அடுத்த ஆண்டே அவர்களுக்கென்று தனி இயக்கம் வந்தது. 1914இல் சின்னப் பிள்ளைகளுக்கும் ஒரு பிரிவு தொடங்கி, ரோஜா மொட்டுகள் என்று பெயர் வைத்தார்கள். பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை. மறு ஆண்டே பிரௌனி என்று மாறியது. நம் துனாஸ் புத்ரி அந்த வழியில் வந்ததுதான். பெயரையே மாற்ற வைத்த பரம்பரைக்கு ஒரு வரியை வைத்துக்கொள்ள உரிமை இல்லையா?

அதற்காகப் பெற்றோர் வாசலோடு நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் பாட்டி, ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர், ஒருநாள் வந்து கும்மி சொல்லிக்கொடுத்தார். "கையைக் குழிச்சுத் தட்டும்மா, தட்டையா தட்டினா சத்தம் செத்துப் போகும்" என்று ஒவ்வொருத்தியின் உள்ளங்கையையும் பிடித்து மடக்கிக் காட்டினார். முடிந்ததும் "சரி, இப்ப உங்க பாட்டைப் பாடுங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். போனைக் கையில் எடுக்கவே இல்லை.

நேற்று குழுவில் எழுதினேன்: உடை வேண்டாம், டிராக் வேண்டாம், குரங்குப் பாட்டே இருக்கட்டும், "மறந்துட்டேன்" உட்பட. நீல டிக் வரிசையாக விழுந்தது, பதில் இல்லை. அரைமணி நேரம் கழித்து ஓர் அப்பா மட்டும் எழுதினார்: "அப்படின்னா குரங்கு வேஷம் நான் போடுறேன்."

அவர் உடைக்கு 60 ரிங்கிட் கேட்காமல் இருந்தால் சரி.