லிப்ஸ்டிக் கேட்ட பெண்

அமெரிக்க இயக்குநர் டேவிட் லிஞ்ச்சின் 'வைல்ட் அட் ஹார்ட்' (1990) படம் பற்றிப் பேச்சு வந்தாலே "அது ஒரு கிறுக்குப் படம்ப்பா" என்று நண்பர்கள் முடித்துவிடுகிறார்கள். நேற்று இரவு நான்காவது முறையாகப் பார்த்தேன். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அந்தப் படத்தில் புத்தி தெளிவாக இருப்பது ஓடிப்போகிற அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான்.

கதை சின்னது. கொலை வழக்கில் தண்டனை முடிந்து வெளியே வருகிறான் செய்லர் (நிக்கோலஸ் கேஜ்). அவனுடைய பாம்புத்தோல் ஜாக்கெட்டோடு வந்து காத்திருக்கிறாள் அவன் காதலி, இருபது வயது லூலா (லாரா டெர்ன்). பரோலை மீறி இருவரும் கலிபோர்னியாவுக்குக் கிளம்புகிறார்கள். நியூ ஆர்லியன்ஸ் தாண்டி டெக்சாஸ் வரைதான் போக முடிகிறது. பின்னாலேயே ஆள் அனுப்பிக்கொண்டிருப்பவள் லூலாவின் அம்மா. அந்த வேடத்தில் நடித்த டயான் லேட், நிஜத்திலும் லாரா டெர்னின் அம்மா. முகம் முழுக்கச் சிவப்பாக லிப்ஸ்டிக்கை அப்பிக்கொண்டு நிற்பாரே, அப்பப்பா! ஆஸ்கர் பரிந்துரை சும்மா கிடைக்கவில்லை.

ரேடியோ காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். லூலா கார் ஓட்டியபடி ஸ்டேஷன் மாற்றுகிறாள். எதைத் திருப்பினாலும் கொலை, கொடூரம். கங்கையில் மிதக்கும் பிணங்களைத் தின்ன முதலைகளை விடப்போகிறார்கள் என்றுகூட ஒரு செய்தி. பொறுக்க முடியாமல் காரை நிறுத்தி, வெளியே குதித்துக் கத்துகிறாள்: உடனே ஏதாவது பாட்டு வை! செய்லர் தேடிப்பிடித்து காட்டுக்கத்தலான ஒரு ஹெவி மெட்டல் ராக் பாட்டு வைக்கிறான். ரோட்டோரத்தில் காலை உதைத்து உதைத்து ஆடுகிறார்கள். பிறகு கட்டிக்கொள்கிறார்கள். காதைக் கிழித்த சத்தம் அப்படியே ஜெர்மானிய இசைமேதை ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் வயலின்களாக மாறுகிறது. இதில் கிறுக்கு எங்கே இருக்கிறது? அந்தச் செய்திகளைக் கேட்டுவிட்டுச் சலனமில்லாமல் வண்டி ஓட்டுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அப்புறம் அந்த இரவு. கிறிஸ் ஐசக்கின் 'விக்கட் கேம்' பாட்டின் இசை ஓடிக்கொண்டிருக்கிறது. ஹெட்லைட் வெளிச்சத்தில் ரோட்டில் துணிகள் சிதறிக் கிடக்கின்றன. அதன்பிறகுதான் கவிழ்ந்த கார் தெரிகிறது. தலையில் அடிபட்ட ஒரு பெண் தள்ளாடியபடி தன் பர்ஸைத் தேடுகிறாள். காணோம் என்றால் அம்மா கொன்றுவிடுவாளாம். தலைமுடியில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டுகிறது என்கிறாள். லிப்ஸ்டிக் கேட்கிறாள். அவர்கள் கண்முன்னாலேயே செத்துப்போகிறாள். ஷெரிலின் ஃபென் சில நிமிடங்கள்தான் வருகிறார். முதல்முறை பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. சாகிற நேரத்திலும் அம்மாவுக்குப் பயப்படுகிற ஒருத்தி. அம்மாவிடமிருந்து தப்பி ஓடுகிற இன்னொருத்தி. இருவரும் ஒரே இருட்டில் நிற்கிறார்கள்.

படத்தில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். தொடக்கத்தில் செய்லர் ஒரு கறுப்பின மனிதரை அடித்தே கொல்வதைக் காட்டியிருக்கும் விதம் இன்றும் உறுத்துகிறது. செய்லரைத் தீர்த்துக்கட்டக் கூலிக்கு வந்தவர்தான் என்றாலும், அவ்வளவு நேரம் அதை ரசித்துக் காட்டியிருக்க வேண்டாம்.

கான் திரைப்பட விழாவில் இத்தாலிய இயக்குநர் பெர்டோலூச்சி தலைமையிலான நடுவர் குழு இந்தப் படத்துக்கு விழாவின் உச்ச விருதான தங்கப்பனையைக் கொடுத்தபோது அரங்கில் கூச்சலும் எழுந்தது. முடிவு இனிப்பாக இருக்கிறது என்பதும் சிலருடைய புகார். பேரி கிஃபோர்டின் மூல நாவலில் இருவரும் பிரிந்துவிடுகிறார்கள், லிஞ்ச்தான் சேர்த்துவைத்தார். நான் லிஞ்ச் பக்கம். அவ்வளவு ரத்தத்தைக் காட்டிய ஒருவர் அதற்குப் பிறகும் அன்பை நம்பத் துணிகிறார் என்றால் அதற்குப் பெரிய தைரியம் வேண்டும்.

எல்விஸின் 'லவ் மீ டெண்டர்' பாட்டை மனைவிக்கு மட்டும்தான் பாடுவேன் என்று செய்லர் முன்பே சொல்லியிருப்பான். கடைசியில், டிராஃபிக்கில் நிற்கும் கார்களின் மேலேறி ஓடி வருகிறான். அடிவாங்கி மூக்கு வீங்கியிருக்கிறது. காருக்குள் அவர்களுடைய மகன் உட்கார்ந்திருக்க, பானெட் மேல் லூலாவை அணைத்தபடி அந்தப் பாட்டைத்தான் பாடுகிறான்.