சான்று குடுத்தது சரி, தொறந்து பாத்தீங்களா?

விக்கிப்பீடியால எடிட்டர்ஸ் சண்டைய வெளிய இருந்து பாத்தா ஏதோ பெரிய அறிவு விவாதம் மாதிரி தெரியும். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னாடி எடிட்டர்ஸ் விவாதிக்கற பேச்சுப் பக்கத்துக்குள்ள போனா பாதி சண்டை "மூணு சான்று குடுத்திருக்கேன், நீ எப்படித் தூக்கலாம்"ங்கிறதுலயே நிக்குது. சரிப்பா, அந்த மூணுல ஒண்ணையாவது தொறந்து படிச்சீங்களான்னு கேட்டா ரெண்டு தரப்பும் கப்சிப்.

தொறந்து பாத்தா என்ன இருக்கும்னு சொல்றேன். முதல் லிங்க் செத்துப் போயிருக்கும், பழைய பிரதிய ஆர்க்கைவ்ல தேடி எடுத்தா அதுல இந்த விஷயமே இருக்காது. ரெண்டாவது ஒரு செய்தித் தளம், தேதியப் பாத்தா கட்டுரைல அந்த வரி ஏறி ஆறு மாசம் கழிச்சு வந்த செய்தி, வாக்கியம்கூட மாறல, அதாவது இங்கிருந்து சுட்டு அவன் எழுதினத இங்கயே ஆதாரம்னு கொண்டாந்து வச்சிருக்காங்க. மூணாவது ஒரு தடிப் புத்தகம், பக்க எண் கிடையாது.

மிகைப்படுத்தல, நெசமாவே இப்படி நடக்குது. 2008ல ஒரு அமெரிக்க மாணவர், கோட்டிங்கிற விலங்கு பத்தின ஆங்கிலக் கட்டுரைல இதுக்கு "பிரேசிலியன் ஆர்ட்வார்க்"னும் பேர் உண்டுன்னு விளையாட்டா எழுதி வச்சாரு. ஆர்ட்வார்க் ஆப்பிரிக்காவுல இருக்கற பிராணி, கோட்டிக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. ஆனா அந்தப் பேர் பத்திரிகைல வந்துச்சு, பல்கலைக்கழகப் பதிப்பகம் போட்ட புத்தகத்துல வந்துச்சு, கடைசில பத்திரிகைச் செய்தியே அந்த வரிக்குச் சான்றா வந்து உக்காந்துச்சு! 2014ல தான் கதை வெளிய வந்துது.

அதுக்காக சான்றே வேணாம்னு சொல்ல வரல. 2005ல ஜான் சீகன்தாலர்ங்கிற மூத்த பத்திரிகையாளர அமெரிக்க அதிபர் கென்னடி கொலையோட முடிச்சுப் போட்டு யாரோ எழுதின பொய், நாலு மாசத்துக்கு மேல அப்படியே கெடந்துது. உயிரோட இருக்கற மனுஷன் பேர் அது. அதனால தகவலச் சேக்கறவர் தான் ஆதாரம் தரணும்ங்கிற விதில எனக்கு எந்தச் சண்டையும் இல்ல.

என் கடுப்பு அந்த விதிய கல்லு மாதிரி எறியறவங்க மேல தான். பிடிக்காத வரின்னா "சான்று தேவை", பிடிச்ச வரின்னா எந்தக் குப்பை லிங்க்கும் ஓகே. ஒரே பக்கத்துல 24 மணி நேரத்துக்குள்ள மூணு தடவைக்கு மேல ரிவர்ட், அதாவது அடுத்தவர் செஞ்ச மாத்தத்த அழிச்சுப் பழையபடி ஆக்கறது, பண்ணக்கூடாதுன்னு ஆங்கில விக்கில விதி இருக்கா, கரெக்டா மூணோட நிறுத்திட்டு மறுநாள் காலைல திரும்ப வந்துருவாங்க (அதுவும் எடிட் வார், அதாவது மாத்தி மாத்தி அழிச்சுக்கற சண்டை, கணக்குல தான் வரும்னு விதிலயே இருக்கு, யார் படிச்சா).

இன்னொரு கூத்து, பத்திரிகை பேர வச்சு மட்டும் அடிச்சுக்கறது. 2017ல ஆங்கில விக்கி எடிட்டர்ஸ் டெய்லி மெயில்ங்கிற பிரிட்டிஷ் பத்திரிகைய பொதுவா சான்றா எடுக்க வேணாம்னு பேசி முடிவு பண்ணாங்க, நல்லது. ஆனா நல்ல பேர் எடுத்த பத்திரிகைலயும் ஒருத்தர் தன் கருத்தா எழுதின பத்தி இருக்கும்ல, அத உண்மைத் தகவல்னு கொண்டு வந்து ஒட்டிட்டு "பெரிய பத்திரிகைங்க"ன்னா என்ன பண்றது? அங்க பேர் முக்கியமில்ல, அதுல இந்த விஷயம் எப்படி எழுதியிருக்குங்கிறது தான் முக்கியம்.

அப்புறம் புத்தகத்த சான்றா போடறவங்களே, தயவுசெஞ்சு பக்க எண்ணையும் போடுங்க. ஒரு வரியச் சரிபாக்க 600 பக்கத்தையும் நானா படிக்கிறது?