கோடியக்கரையில் பறவைகளை எழுப்பிவிட்டுப் படம் எடுக்காதீர்கள்

கோடியக்கரைப் பறவைகள் சரணாலயத்தில் பூநாரைக் (ஃபிளமிங்கோ) கூட்டத்தைக் கண்டதும் படம் எடுக்க வருபவர்கள் கைதட்டிக் கிளப்பிவிடுகிறார்கள். செஞ்சிறகு விரியும் படம் கிடைத்துவிடுகிறது. பக்கத்துச் சேற்றில் மேய்ந்துகொண்டிருந்த கொசு உள்ளான் என்ற சின்னஞ்சிறு வலசைப் பறவைகளும் அந்தச் சத்தத்தில் சேர்ந்தே எழுகின்றன என்பதை யாரும் கவனிப்பதில்லை.

கொசு உள்ளானின் எடை சுமார் 25 கிராம்தான். கோடை நெருங்கும்போது அது வடதுருவத்தை ஒட்டிய மரமற்ற குளிர்வெளியான ஆர்க்டிக் துந்திராவுக்குத் திரும்ப வேண்டும். அதற்காகப் புழு பூச்சிகளைத் தின்று உடம்பில் கொழுப்பு சேர்க்கிறது. அதுதான் அதன் கட்டுச்சோறு. நாம் ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதில் ஒரு பிடி குறைகிறது, மேயும் நேரமும் போகிறது. 'சீசன் முடிந்துவிட்டது' என்று நாம் நினைக்கும் மார்ச், ஏப்ரலில்தான் இந்த இழப்பு அதிகம் வலிக்கும்.

அதனால், பிள்ளைகளுக்குப் பறவைப் பெயர்களைச் சொல்லித்தருவதற்கு முன் பறவையின் பதற்றத்தைப் படிக்கச் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் மேய்ச்சல் நிற்கும். பிறகு தலை நிமிரும். அடுத்து நம்மைவிட்டு விலகி நடக்கும். அதன்பின் பறப்பதுதான் பாக்கி. தலை நிமிர்ந்ததுமே நின்றுவிடுங்கள். மறுபடி மேயத் தொடங்காவிட்டால் பத்தடி பின்வாங்குங்கள். நேராக நோக்கி நடந்தால் வேட்டை விலங்கு வருவதுபோலத்தான் அதற்குத் தெரியும். சாய்வாக, மெதுவாக நடங்கள்.

தூரத்தை ஈடுகட்ட 8x42 பைனாகுலர் போதும். எட்டு மடங்கு பெரிதாக்கும். 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லை விடியல் வெளிச்சத்திலும் தெளிவு தரும். 12 மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் 12 மடங்காகத் தெரியும். வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள், எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். பறவையின் காலில் ஆய்வாளர்கள் அடையாளத்துக்கு மாட்டிய வளையமோ வண்ணப் பட்டையோ தெரிந்தால் எந்தக் கால், என்ன நிறம், என்ன எழுத்து என்று குறித்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். கோடியக்கரையில் பல்லாண்டுகளாக வளையமிட்டுவருபவர்கள் அவர்கள்தான்.

கண் வானத்தில் இருக்கும்போது கால் எங்கே மிதிக்கிறது என்பது மறந்துபோகும். வரப்பிலும் புல்லிலும் கண்ணாடி விரியன் இருக்கலாம். குக்கர்போல உரக்கச் சீறும். கணுக்காலை மூடும் காலணி அணியுங்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் நடக்காதீர்கள். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். வீக்கம் வருமுன் மோதிரம், கொலுசைக் கழற்றிவிட்டு, கடிபட்ட காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழையுங்கள். பாம்பைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான்.